கால்டோராவுக்கு ஒரு ரிவர்ஸ் பாட்டு

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர்ல வேண்டாங்க, அதுல ஒரு கப்பலோட றெக்கை காயுது. இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. எங்க வீட்டம்மா கோகிலா பார்சல் ஆபீசுக்குப் போயிருக்கா, அரை மணி நேரத்துல வந்துருவா. வேலை கேட்டு ஒரு அம்மா வருவாங்க, டீ குடுத்து உக்கார வைங்க, நீங்க ஒண்ணும் பேச்சுக் குடுக்க வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போனா. நானெங்கீங்க பேசறேன். வேலைக்குச் சேர்றவங்களுக்கு நாலு விசயம் தெரிஞ்சிருக்கணுமில்லீங்களா, அதுக்காகச் சொல்றது.

மீட்டர் கம்பெனியில பதினோரு வருசமா? அப்பச் சரி. கை பழகியிருக்கும். இங்கயும் அதே மாதிரி சின்ன வேலைதான், ஆனா பொருள் வேற. இந்த அலமாரியப் பாருங்க. இதெல்லாம் ஆகாசக் கப்பலுங்க. நெசக் கப்பலில்லை, வெளிநாட்டு டிவியில வர்ற கதையில பறக்கற கப்பல். அதை பிளாஸ்டிக்குல துண்டு துண்டா அடிச்சு டப்பாவுல போட்டு விக்கறாங்க. அங்க இருக்கற பெரிய பெரிய ஆளுங்க, பேரன் பேத்தி எடுத்தவங்க, அதை வாங்கி ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, ஷோகேசுல வெச்சுக்கறாங்க. ஒரு கப்பலை ஆறு மாசம் ஒட்டறாங்க. ஆனா உள்ளே இருட்டு. சன்னல் இருக்கும், வெளிச்சம் இருக்காது. அதுக்குத்தான் நம்ம செட்டு. கடுகை விடக் கொஞ்சம் பெருசா லைட்டு, முடி மாதிரி கம்பி, ஒரு சின்ன போர்டு. சன்னலுக்கு மஞ்சள், என்ஜினுக்கு நீலம், றெக்கையில ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் பச்சை. டப்பாவுல போட்டு, எந்தக் கம்பி எங்க போகணும்னு ஒரு தாள் வெச்சு அனுப்பறோம். பதினாலு நாட்டுக்குப் போகுதுங்க.

இதை ஆரம்பிச்சதே நாந்தான்.

வெளியில போர்டுல கோகிலா லைட் கிட்ஸ்னுதான் போட்டிருக்கும், பாத்திருப்பீங்க. அது போர்டு எழுதறவரு இடம் பத்தலைன்னுட்டாரு. திருமூர்த்தி பெரிய பேரில்லீங்களா. இதே இடத்துல இருபத்தாறு வருசம் திருமூர்த்தி ரீவைண்டிங் ஒர்க்ஸ் நடந்துச்சு. கணபதி ஏரியாவுல மோட்டார் எரிஞ்சா இங்கதான் வரும். போர் மோட்டார், கிணத்து மோட்டார், கிரைண்டர், எல்லாம் நான் காயில் கட்டுனதுதான். மாடியில ஜெபராஜ் சார்னு ஒருத்தர் குடியிருக்காருங்க. பம்ப் கம்பெனியில டிராயிங் செக்சன். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் பண்ணிக்கலை, கப்பல்தான் ஒட்டுவாரு. ஒரு நாள் கீழே வந்து, "அண்ணாச்சி, இருக்கறதுலயே சன்னமான காயில் கம்பி கொஞ்சம் கிடைக்குமா"ன்னாரு. எடுத்துக் குடுத்தேன். அந்தக் கம்பிதாங்க இன்னிக்கு வரைக்கும் ஓடுது. கம்பி என்னுது. இதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

அந்தக் கம்பியை ஈயம் வெச்சு லைட்டுல பத்த வைக்க அவருக்கு வரலை. எங்கிட்டக் குடுத்தாரு. அன்னிக்குப் பாருங்க, என் கண்ணாடி சரியில்லை. நம்ம சால்டரிங் அயர்னும் மோட்டாருக்கு ஆனது, கரண்டி மாதிரி இருக்கும். வெச்சேன், லைட்டே காணாமப் போச்சு. கோகிலா டீ கொண்டு வந்தவ, இங்க குடுங்கன்னு வாங்கி, மூச்சைப் பிடிச்சு ஒரு தொடு தொட்டா. எரிஞ்சுது. அவ கல்யாணத்துக்கு முன்னாடி சின்னதா டிரான்ஸ்பார்மர் கட்டற கம்பெனியில இருந்தவ. ஜெபராஜ் சார் கம்ப்யூட்டர்ல படத்தைப் போட்டாரு, ஜெர்மனிக்காரர் ஒருத்தர் எனக்கும் வேணும்னாரு. அப்படியே வளந்துருச்சு. ஆறு வருசமாச்சு. மோட்டார் எல்லாம் பின்னாடி ஷெட்டுக்குப் போயிருச்சு.

வேலையை நாங்க பிரிச்சுக்கிட்டோம். பத்த வைக்கறது, எப்படி ஓடணும்னு யோசிக்கறது, போர்டு டிசைன் பண்றது, லெட்டருக்குப் பதில் சொல்றது, தாள் எழுதறது, இதெல்லாம் கோகிலா. மத்ததெல்லாம் நானு.

பார்சலும் நாந்தான் கொண்டு போயிட்டிருந்தேன். ஒரு நாள் கவுண்டர்ல புதுசா ஒருத்தர். உள்ளே என்னன்னு கேட்டாரு. விண்கலத்துக்கு என்ஜின் லைட்டுன்னேன். யார் செய்யறாங்கன்னாரு. நாந்தான், கணபதியிலன்னேன். அந்த விண்கலம் எங்க இருக்குன்னாரு. ஜெர்மனியில, முடிஞ்ச மட்டுக்கும் இந்த மாசமே கிளம்பிரும்னேன். உள்ளே கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுட்டாங்க. மரியாதையா தண்ணியெல்லாம் குடுத்தாங்க, ஆனா விடலை. மூணு மணி நேரம் கழிச்சு கோகிலா வந்து, "பொம்மைக்குப் போடற லைட்டுங்க சார்"னு ஒரே வரியில முடிச்சுட்டா. எனக்குப் பொம்மைன்னு சொல்ல வாய் வரலீங்க. நம்ம பொருளை நாமே பொம்மைன்னு சொன்னா மதிப்பு என்ன இருக்குது. அன்னிலிருந்து அவளே போறா. நடந்தா அவளுக்கும் நல்லது, சக்கரை இருக்குது.

டீ ஆறுதுங்க, குடிங்க. எப்படி இருக்குது? ஏலக்காய் தட்டிப் போட்டேன். இப்ப இந்தக் கம்பெனியில டீ முழுக்க என் பொறுப்புத்தான்.

நான் சொல்ல வந்தது போன வருசம் நடந்த ஒரு விசயம். நாளைக்கு நீங்க சேந்த பொறவு ஜெபராஜ் சார் வேற மாதிரி சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

கால்டோரான்னு ஒரு கப்பல். இந்தா, மேல் தட்டுல மீன் மாதிரி நீளமா இருக்குதே, அதுதான். அதுக்கு நல்ல கிராக்கி. அந்தக் கப்பல்ல லைட்டு எப்படின்னு கேட்டீங்கன்னா, சொன்னா நம்ப மாட்டீங்க, எரியுது, அவ்வளவுதான். சன்னல் மங்கலா எரியும். என்ஜின் மங்கலா எரியும். றெக்கை லைட்டு மட்டும் ஒருக்கா மினுக்கும், அப்புறம் என்னமோ யோசிக்கற மாதிரி நிக்கும், மறுக்கா மினுக்கும். அதுக்கு அந்த ஊர்க்காரங்க விநாடி கணக்குச் சொல்லி லெட்டர் எழுதுவாங்க. ஒண்ணே கால் விநாடி இருக்கணும், நீங்க ஒண்ணரை வெச்சிருக்கீங்கன்னு ஒருத்தர் நாலு பக்கம் எழுதியிருந்தாரு. கோகிலா அதையும் படிச்சு, சரிதான்னு மாத்துனா.

எனக்கு மனசு ஆறலீங்க. லைட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். வயசுப் பையனா இருந்தப்ப திருவிழாவுக்கு சீரியல் செட் போடற கோஷ்டியில இருந்தவன் நானு. இருபதடி மயிலு தோகை விரிக்கும். ஓடும், சுத்தும், நிக்கும், மறுபடி ஓடும். ஜனம் வாயைப் பொளந்துட்டு நிக்கும். காசு குடுத்து வாங்கறவனுக்கு ஒரு சந்தோசம் வேண்டாமுங்களா? கோகிலாகிட்டச் சொன்னேன். "அது கப்பலுங்க, தேரில்லை"ன்னா. அதோட விட்டுட்டேன்.

அப்ப அவ தங்கச்சி மகளுக்குப் பிரசவம். பல்லடத்துக்குப் போயி பன்னெண்டு நாளு இருக்க வேண்டியதாப் போச்சு. போறப்பவே நாப்பது கால்டோரா செட்டைக் கட்டி, அட்ரஸ் ஒட்டி வெச்சிருந்தா. வண்டி வந்தா ஏத்தி விடுங்க, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னா. வண்டி வர அஞ்சு நாள் இருந்துச்சு. அஞ்சு நாளு ஒரு மனுசன் சும்மா உக்காந்திருக்க முடியுமுங்களா?

டவுனுக்குப் போயி, சாமி படத்தைச் சுத்தி ஓடுமில்லீங்களா, அந்த லைட்டுக்கான போர்டு நாப்பது வாங்கிட்டு வந்தேன். சின்னதுதான், கால்டோரா வயித்துக்குள்ள அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. டப்பாவை ஒவ்வொண்ணாப் பிரிச்சு, கோகிலா போர்டை எடுத்துக் குப்பையில போட்டுட்டு இதைச் சொருகுனேன். ஒரு நூலளவு கூடக் கிழியாம டேப்பைப் பிரிச்சேன், மறுபடி அப்படியே ஒட்டுனேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது. போட்டுப் பாத்தேன். செவப்பு ஓடுது, பச்சை ஓடுது, மஞ்சள் ஓடுது, என்ஜின் நீலத்துல போய் முடியுது, மறுபடி மூக்குல இருந்து கிளம்புது. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அப்பத்தான் கப்பலுக்கு உசுரு வந்துச்சு.

கூட ஒரு சின்ன விசயம் பண்ணுனேன். கார் ரிவர்ஸ் எடுத்தா பாட்டு வருமில்லீங்களா, கிளி கத்தற மாதிரி முன்னாடி, அப்புறம் ஒரு டியூனு. அந்தச் சத்தம் போடற சில்லும் அதே கடையில இருந்துச்சு. கப்பல்னு இருந்தா பின்னாடியும் வருமில்லீங்களா. வந்தா பின்னாடி நிக்கறவனுக்குத் தெரிய வேண்டாமா? சுவிட்ச் போட்டதும் ஒருக்கா, அப்புறம் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா. ரொம்பத் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு பத்து நிமிசம் விட்டேன்.

கோகிலா வந்து கேட்டா, எல்லாம் போயிருச்சான்னு. போயிருச்சுன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. பாராட்டி லெட்டர் வரட்டும், அப்பத் தெரியட்டும்னு இருந்தேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஜெபராஜ் சார் படியிறங்கி வந்தாரு. கையில போனு. முகம் ஒரு மாதிரி. "கோகிலாக்கா, கனடாவுல இருந்து ஒரு லெட்டர்"னு படிச்சாரு. அந்த மனுசன் ஏழு மாசம் ஒட்டியிருக்காரு. அவங்க ஊர்ல இதுக்கு ஒரு சங்கம் இருக்குது. சங்கத்துல அறுபது பேரை உக்கார வெச்சு, லைட்டை அணைச்சு, கால்டோரா சுவிட்சைப் போட்டிருக்காரு. கப்பல்ல செவப்பு பச்சை ஓடுச்சாம், உள்ளே இருந்து ஒரு பறவை கத்துச்சாம். கப்பலுக்குள்ள ஏதோ உயிரோட மாட்டிக்கிச்சுன்னு ஒருத்தர் ஓடிப் போயி ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வந்தாராம்.

"என்ன பறவை?"ன்னா கோகிலா.

எங்கிட்ட ஒரு சில்லு மிச்சம் இருந்துச்சு. போட்டுக் காட்டுனேன்.

அவ கையில ஒரு சின்ன இடுக்கி, அதுல ஒரு லைட்டு பிடிச்சிருந்தா. அதை மெதுவாக் கீழே வெச்சா. "நாப்பதுலயுமா"ன்னு கேட்டா. நாப்பதுலயும்னேன். சத்தம் போட்டிருந்தாக் கூடத் தேவலை. ஜெபராஜ் சார்தான் "அண்ணாச்சி, அண்ணாச்சி"ன்னு ரெண்டு தடவை சொன்னாரு.

அப்புறம் லெட்டரா வந்துச்சு. ஆர்டர் குடுத்தவங்க வேண்டாம்னாங்க. இத்தனைக்கும் தாள்ல முதல் வரியே, ஒட்டறதுக்கு முன்னாடி எரிய விட்டுப் பாக்கவும்னு கோகிலா எழுதியிருக்கா. பாத்தவங்க தப்பிச்சாங்க. நாலு பேரு பாக்காம ஒட்டிட்டாங்க. ஏன் பாக்கலைன்னு எழுதுனதுக்கு அதுல மூணு பேரும் ஒரே பதில். கோகிலா செட்டு அஞ்சு வருசத்துல ஒரு தடவை கூடத் தப்பா வந்ததில்லை, அதனால பாக்கலைன்னாங்க. நான் சொன்னேன், பாத்தியா, அவங்க தப்பை அவங்களே ஒத்துக்கறாங்கன்னு. கோகிலா என்னைப் பாத்த பார்வையில நான் பின்னாடி ஷெட்டுக்குப் போயிட்டேன்.

நாப்பது செட்டையும் புதுசாப் பண்ண உக்காந்தா. நான் உதவிக்குப் போனேன். "நீங்க டீ போடுங்க"ன்னா. அந்த ஒரு வார்த்தைதான். பன்னெண்டு நாளைக்கு வேற பேச்சே இல்லை. வேலை அலுப்புன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒட்டுன நாலு பேருக்கு என்ன பண்றது? கப்பல் வயித்தை அறுத்துத்தான் போர்டை எடுக்கணும். எங்க அறுத்தா வெளியில தெரியாது? ஜெபராஜ் சார் மேல போயி, அவர் சொந்தமா ஒட்டுன கால்டோராவை எடுத்துட்டு வந்தாரு. எட்டு மாச வேலைங்க அது. மேசையில வெச்சுட்டு, "அறுங்கக்கா"ன்னுட்டு, சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு. கோகிலா சன்னமான ரம்பத்துல அடிவயித்துல ஒரு கோடு மேலேயே நூல் பிடிச்ச மாதிரி அறுத்தா. அறுக்கறப்ப வர்ற சத்தத்துக்கு அவரு தோளு அசைஞ்சுது. எனக்குப் பாவமா இருந்துச்சு. டீ குடுத்தேன், குடிக்கலை.

இந்த நாலு பேர்ல ஒருத்தங்க பின்லாந்து. ஐனோன்னு ஒரு அம்மா. இதைத்தாங்க நான் சொல்ல வந்தது.

அந்த அம்மாவோட வீட்டுக்காரரு கூரையில பனி தள்ளப் போயி விழுந்துட்டாரு. முதுகெலும்பு. ஆபரேசன் பண்ணி, மாசக்கணக்கா மல்லாக்கப் படுக்கை. கால்டோராவை அவருதான் ஆரம்பிச்சது. பாதியில விழுந்துட்டாரு, மிச்சத்தை அந்த அம்மா கத்துக்கிட்டு ஒட்டி, படுத்தா கண்ணுக்கு நேரா தெரியற மாதிரி அலமாரியில வெக்கணும்னு இருந்தாங்க. அவருக்கு வலியில மூச்சு தாறுமாறா வருதாம். டாக்டர் நிதானமா விடச் சொல்றாரு, முடியலை. றெக்கை லைட்டை மட்டும், தூங்கற மனுசன் மூச்சு விடற வேகத்துல மினுக்க வைக்க முடியுமா, அதைப் பாத்து அவரு மூச்சு விடுவாருன்னு கோகிலாவுக்கு எழுதியிருந்தாங்க.

அவ பல்லடம் போறதுக்கு முன்னாடி, ஒரு மத்தியானம் சாப்பிட்டுட்டு இங்கயே பாயைப் போட்டுத் தூங்கிட்டிருந்தேன். முழிச்சா, கோகிலா பக்கத்துல உக்காந்து கடிகாரத்தை வெச்சுட்டு என் நெஞ்சையே பாத்துட்டிருக்கா. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு, கணக்குப் பாக்கறான்னு நினைச்சேன். "தூங்குங்க, பின்லாந்துக்கு எண்ணறேன்"ன்னா. அப்படி எண்ணி வெச்ச லைட்டுங்க அது. அந்த டப்பாவுக்கு மட்டும் அடையாளத்துக்கு ஒரு மஞ்ச நூலு கட்டியிருந்தா. நான் டேப்பைப் பிரிக்கறப்ப, என்னமோ நூலு ஒட்டிக்கிட்டிருக்குதுன்னு அறுத்துப் போட்டேன்.

ஐனோ அம்மா சண்டை போட்டு எழுதலை. நாலே வரி. லைட்டு ரொம்ப வேகமா ஓடுது, நடுவுல ஒரு சத்தம் வருது, அவரு திடுக்குன்னு அசைஞ்சதுல வலி ஜாஸ்தியாயிருச்சு. அணைச்சிரச் சொல்லிட்டாரு. கப்பல் இருட்டா இருக்குது, நான் எங்கயோ தப்பா ஒட்டிட்டேன் போலிருக்குது, என்ன பண்ணட்டும்னு கேட்டிருந்தாங்க.

நான் தப்பா ஒட்டிட்டேன் போலிருக்குதுன்னு அந்த அம்மா எழுதுனதுதாங்க. ஜெபராஜ் சார் அதைப் படிச்சு முடிச்சதும் கோகிலா எந்திரிச்சுச் சமையல்கட்டுக்குப் போயிட்டா. தண்ணிக் குழாயைத் திறந்து விட்ட சத்தம் கேட்டுச்சு, பாத்திரம் கழுவற சத்தம் கேக்கலை.

நான் மாடிக்குப் போனேன். சார், ஒரு லெட்டர் எழுதணும்னேன். அவரு எடுத்துக்கிட்டாரு. "அம்மா, நீங்க ஒட்டுனது சரியாத்தான் இருக்கும். கோகிலா பண்ணுனதும் சரியாத்தான் இருந்துச்சு. அவ ஊர்ல இல்லாதப்ப அவ புருசன் உள்ளே கையை விட்டுட்டான். அவன் மோட்டார்க்காரன். கப்பலைப் பத்தி அவனுக்குத் தெரியாது." இப்படிச் சொன்னேன். ஜெபராஜ் சார் எழுதிட்டு, "மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை போடட்டுமா அண்ணாச்சி"ன்னாரு. அதை நீங்களே கடைசியில ஒரு ஓரமாப் போட்டுக்குங்கன்னேன். கோகிலாகிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொன்னேன். அந்த மனுசனுக்கு ரகசியம் எல்லாம் தங்காது, படியிறங்கறதுக்குள்ள சொல்லியிருப்பாரு.

மறுநாள் மத்தியானம் கோகிலா பாயை எடுத்து விரிச்சா. "படுங்க"ன்னா. பன்னெண்டு நாளைக்கு அப்புறம் அதுதான் பேச்சு. பழைய அளவை எழுதி வெச்ச சீட்டும் அந்த மஞ்ச நூலோட குப்பைக்குப் போயிருச்சு, மறுபடி எண்ணணும். படுத்தேன். எனக்குத் தூக்கம் வருமுங்களா? பின்லாந்துல ஒரு மனுசன் இதைப் பாத்துத்தான் மூச்சு விடப் போறான்னு தெரிஞ்சு போச்சு. முடிஞ்ச மட்டும் நல்ல மூச்சா விட்டேன். நெஞ்சை நல்லாத் தூக்கி, இழுத்து, நிறுத்தி.

"ஏனுங்க, இப்படி மூச்சு விட்டா அந்த மனுசன் செத்தே போயிருவாரு. சும்மா விடுங்க"ன்னா.

சும்மா எப்படி விடறதுன்னு மறந்தே போச்சுங்க. அவ நெத்தியில கையை வெச்சா. பழைய மோட்டார் கதை எதையாச்சும் சொல்லுங்கன்னா. சூலூர்ல ஒரு கிணத்து மோட்டார் மூணு தடவை எரிஞ்ச கதையைச் சொன்னேன். அவளுக்கு அது நூறு தடவை தெரியும். எங்க விட்டேன்னு தெரியலை, தூங்கிட்டேன். எந்திரிச்சப்ப அவ மேசையில உக்காந்திருந்தா, செவப்பு லைட்டு ஒண்ணு மெதுவா எரிஞ்சு, மெதுவா அணைஞ்சு, எரிஞ்சுட்டிருந்துச்சு. அது நானுன்னு நினைக்கறப்ப ஒரு மாதிரியா இருந்துச்சுங்க.

அப்புறமென்ன, செட்டெல்லாம் போய்ச் சேந்துச்சு. ஐனோ அம்மா கோகிலா அறுத்த படத்தைப் பாத்து, அதே கோட்டுல அறுத்து, மாத்திட்டாங்க. அவரு இப்ப அதைப் பாத்துட்டே தூங்கறாருன்னு எழுதுனாங்க. வேண்டாம்னு சொன்னவங்க பாதிப் பேரு திரும்பி வந்தாங்க, மீதிப் பேரு இன்னும் வரலை. கனடா சங்கத்துல இன்னும் எங்க பேரைச் சொன்னா பறவை மாதிரி விசிலடிக்கறாங்களாம்.

நாப்பது பேருல ஒருத்தரு, பிரேசில்காரரு, பழைய போர்டே இருக்கட்டும், மாத்த வேண்டாம்னு எழுதுனாரு. அவரு பாத்துப் பாத்துச் சிரிக்கறாராம். நாப்பதுல ஒருத்தருக்கு ரசனை இருந்திருக்குது. அது கோகிலாவுக்குப் புரியாது.

இப்பச் சித்திரையில பின்லாந்துல இருந்து ஒரு படம் வந்துச்சு. அவரு எந்திரிச்சுச் சக்கர நாற்காலியில உக்காந்திருக்காரு. வீட்டுக்குள்ள பின்னாடி எடுக்கறப்பல்லாம் அந்த அம்மா காலு மேல ஏத்திடறாராம். அந்தக் கிளிச் சத்தம் ஒண்ணு கிடைக்குமா, நாற்காலியில மாட்டணும்னு கேட்டிருந்தாங்க. கோகிலா லெட்டரை எங்கிட்ட நீட்டி, "இது உங்களுக்கு வந்திருக்குது"ன்னா. நானே பண்ணி, நானே கட்டி, அட்ரசும் நானே எழுதுனேன். பார்சல் மட்டும் அவ கொண்டு போனா.

வேலைன்னா இதுதாங்க அம்மிணி. செட்டு முடிஞ்சதும் எரிய விட்டுப் பாக்கணும், சரியா இருந்தா டப்பாவுல அடுக்கி மூடணும். மூடுன பொறவு திறக்கக் கூடாது. அதைக் கோகிலா ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லுவா. இதுக்கு முன்னாடி யாரு பாத்தாங்களா? இதுக்கு முன்னாடி நாந்தான். எனக்கு வேற பொறுப்பு நிறைய வந்துருச்சு, இதையும் பாக்க நேரமில்லை. அதான் ஆள் போடலாம்னு அவ முடிவு பண்ணுனா. நாங்க பண்ணுனோம்.

சரி, சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒண்ணு பத்த வெச்சுக் காட்டுங்க. பரீட்சையெல்லாம் இல்லை. இந்தாங்க லைட்டு, இந்தாங்க கம்பி. இந்த லென்சுக்குக் கீழே வெச்சுக்குங்க. அயர்ன் சூடாத்தான் இருக்குது. பதறாதீங்க, மொதல்ல ரெண்டு மூணு கருகத்தான் செய்யும். எனக்கே அன்னிக்குப் பதினேழு…

என்னங்க, முடிஞ்சுதா?

இருங்க, பேட்டரியில தொட்டுப் பாக்கறேன். எரியுதே. இன்னொண்ணு பண்ணுங்க. கை நடுங்கறதே இல்லீங்களே உங்களுக்கு. அப்படியா, மீட்டர்ல இதை விடச் சின்னதாவா இருக்கும்? சரிதான்.

அதா, கேட் சத்தம். வந்துட்டா. கோகிலா, இவங்க பேரு வாசுகி, மீட்டர் கம்பெனியில பதினோரு வருசம். ரெண்டு லைட்டு பத்த வெச்சாங்க, ரெண்டும் எரியுது, நீயே பாரு. நான் பாத்தவரைக்கும் சொல்றேன், இவங்களையே வெச்சுக்கலாம். என்னைய விட ஒரு நூல் நல்லாவே பண்றாங்க.

எதுக்கு அப்படிப் பாக்கறே? ஒரு நூலுன்னுதானே சொன்னேன். சரி, ஒரு இஞ்சுன்னே வெச்சுக்க.